படத்தில் இல்லாத வசனம்

1942இல் வந்த ஹாலிவுட் படம் 'காசாபிளாங்கா'வை முதல் தடவை பார்க்க உட்கார்ந்தபோது ஒரே ஒரு வசனத்துக்காகத்தான் காத்திருந்தேன். "ப்ளே இட் அகெய்ன், சாம்." பியானோக்காரர் சாமிடம், அதை மறுபடி வாசி என்று கேட்பது. அந்தப் படத்தைப் பார்க்காதவர்களுக்கும் தெரிந்த வசனம் அது. படம் 102 நிமிடம். முடிந்துவிட்டது, வசனம் வரவில்லை. நடுவில் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தேன். அப்போதுதான் வந்திருக்கும் என்று நினைத்து, அந்த இடத்துக்குத் திரும்பப் போய் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அங்கேயும் இல்லை.

படத்தில் இருப்பது இதுதான். இங்க்ரிட் பெர்க்மன் பியானோ பக்கம் வந்து, பழைய நாட்களுக்காக அந்தப் பாட்டை ஒரு முறை வாசி சாம் என்கிறார். சாம் ஒன்றும் தெரியாதவர் போல நழுவப் பார்க்கிறார். "ப்ளே இட், சாம்" என்கிறார் பெர்க்மன். அன்று இரவு ஆளில்லாத விடுதியில் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஹம்ஃப்ரி போகார்ட், அவளுக்கு வாசித்தாய் அல்லவா, எனக்கும் வாசி என்கிறார். அவளால் தாங்க முடிந்தால் என்னாலும் முடியும், "ப்ளே இட்!" அவ்வளவுதான். 'அகெய்ன்' என்ற சொல் அந்த இடத்தில் எங்கேயும் கிடையாது. அதைப் பிரபலமாக்கிய பெருமை, உடி ஆலன் 1969இல் இதே வசனத்தைத் தலைப்பாக வைத்து எழுதிய நாடகத்துக்கும், 1972இல் அது படமாக வந்ததற்கும்தான் பெரும்பாலும் சேரும்.

சாமாக நடித்த டூலி வில்சனுக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது. அவர் டிரம்மர். பாடியது அவர், வாசித்தது திரைக்கு வெளியே இருந்த வேறொருவர். அந்தப் பாட்டும் படத்துக்காக எழுதியதில்லை. 1931லேயே வந்த பழைய பாட்டு. இசையமைப்பாளர் மாக்ஸ் ஸ்டெய்னருக்கு அது பிடிக்கவில்லை, தன் பாட்டு ஒன்றை வைக்க ஆசைப்பட்டார். ஆனால் அடுத்த படத்துக்காக பெர்க்மன் தலைமுடியை ஒட்ட வெட்டிவிட்டிருந்தார். காட்சியை மறுபடி எடுக்க வழியில்லாமல் பழைய பாட்டே நின்றுபோனது.

ஒரு விஷயம் தப்பு என்று தெரிந்தால் 'அட' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். எனக்கு அதற்கப்புறம்தான் ஆர்வமே வரும். இந்தத் தப்பை முதலில் செய்தது யார்? எந்த வருஷம்? எதற்காக? தேடிப் போனால் பல சமயம் ஆளே கிடைத்துவிடுகிறார். ஒரு மேக்கப்காரர், ஒரு உடை வடிவமைப்பாளர், ஒரு கேலிச்சித்திரக்காரர். யாரும் ஊரை ஏமாற்றக் கிளம்பியவர்கள் இல்லை. அன்றைய வேலையை அன்றைக்கு முடித்தவர்கள்.

காசாபிளாங்காவை விடுவதற்கு முன்னால் இன்னொன்று. ஜெர்மன் அதிகாரிகள் தங்கள் பாட்டைப் பாட, அதை அமுக்கும்படி விடுதியே எழுந்து நின்று பிரெஞ்சு தேசிய கீதத்தைப் பாடும் காட்சி ஒன்று வரும். அதில் கண்ணீரோடு பாடும் இளம்பெண் மெடலின் லெபோ. 1940இல் ஜெர்மன் படை பாரிஸை நெருங்கியபோது நிஜமாகவே தப்பி ஓடிவந்தவர். சூதாட்ட மேஜையை நடத்துபவராக வரும் மார்செல் டாலியோ அப்போது அவருடைய கணவர், கூடவே ஓடிவந்தவர். நாஜி மேஜராக நடித்த கான்ராட் ஃபைட், யூத மனைவியோடு 1933இல் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். துணை நடிகர்கள் பலரும் இப்படித்தான். போர் முடிந்திருக்கவில்லை, யார் ஜெயிப்பார்கள் என்றும் தெரியாது. அந்தக் கண்ணீருக்கு கிளிசரின் தேவைப்பட்டிருக்காது என்று எனக்குத் தோன்றும். இல்லாத வசனத்தை எல்லோருக்கும் தெரிகிறது, இருக்கிற இந்த முகங்களை அவ்வளவு பேருக்குத் தெரியவில்லை.

அடுத்து ஷெர்லக் ஹோம்ஸ். "எலிமென்டரி, மை டியர் வாட்சன்" என்பதும் இந்தக் கதைதான். கோனன் டாயில் எழுதியவை 4 நாவல்கள், 56 சிறுகதைகள். அறுபதிலும் அந்த வசனம் அப்படியே வராது. 1893இல் வந்த 'தி குரூக்கெட் மேன்' கதையில் ஒரு நூலிழையில் தப்பித்திருக்கிறது. ஹோம்ஸ் ஒரு வாக்கியத்தில் "மை டியர் வாட்சன்" என்கிறார். சில வரிகள் தள்ளி, வாட்சன் வியக்க, "எலிமென்டரி" என்கிறார். நடுவில் இருந்த வரிகளை நாம் தூக்கிவிட்டோம். 1929இல் வந்த ஹோம்ஸ் பேசும் படத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்ட வடிவம் வந்துவிட்டது. வாசகன் தன் ஞாபகத்தில் ஒரு எடிட்டிங் மேஜை வைத்திருக்கிறான் போல. உண்மையைச் சொன்னால், இந்த எடிட்டிங் மோசமில்லை.

காதுமூடி வைத்த அந்தத் தொப்பியும் அப்படியே. கதையில் காதுமடிப்புள்ள பயணத் தொப்பி என்று ஒரு இடத்தில் வரும், அவ்வளவுதான். ஹோம்ஸுக்கு மான் வேட்டைக்காரர்களின் தொப்பியை மாட்டி வரைந்தது ஓவியர் சிட்னி பேஜட், 1891இல். அதுவும் ஹோம்ஸ் கிராமப்புறத்துக்குப் போகிற கதைக்கு. அந்தக் காலத்து லண்டன் கனவான் அதைப் போட்டுக்கொண்டு நகர வீதியில் நடந்திருந்தால் ஆட்கள் நின்று பார்த்திருப்பார்கள்.

டாயிலைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறு. ஒரு துளிச் சேற்றை வைத்து ஆளின் ஜாதகத்தையே சொல்லும் துப்பறிவாளனைப் படைத்தவர், தேவதைகள் நிஜம் என்று நம்பினார். 1917இல் இங்கிலாந்தின் காட்டிங்லி என்ற ஊரில் 16 வயதும் 9 வயதுமான இரண்டு சிறுமிகள், ஒன்றுவிட்ட சகோதரிகள், ஓடைக்கரையில் குட்டித் தேவதைகளோடு இருப்பதுபோலப் புகைப்படம் எடுத்தார்கள். டாயில் அதை நம்பி 1920 கிறிஸ்துமஸ் சமயத்தில் 'ஸ்ட்ராண்ட்' இதழில் கட்டுரையே எழுதினார். ஹோம்ஸ் கதைகள் வந்த அதே இதழ். அந்தத் தேவதைகள் காகிதத்தில் வரைந்து வெட்டி, தொப்பி ஊசியில் குத்தி நிறுத்தியவை என்று அந்தப் பெண்கள் 1983இல்தான் ஒப்புக்கொண்டார்கள், பாட்டிகளான பிறகு. தேவதைகளின் உருவத்தை அவர்கள் பார்த்து வரைந்தது 'பிரின்சஸ் மேரிஸ் கிஃப்ட் புக்' என்ற சிறுவர் புத்தகத்திலிருந்து. அந்தப் புத்தகத்தில் டாயிலின் கதை ஒன்றும் இருக்கிறது. தன் கதை அச்சான புத்தகத்தைப் புரட்டியிருந்தாலே வழக்கு முடிந்திருக்கும். ஹோம்ஸ் புரட்டியிருப்பார்.

சரி, இப்போது நான் அதிக நேரம் செலவழித்த ஆளுக்கு வருகிறேன். ஃபிராங்கன்ஸ்டைன் என்பது பூதத்தின் பெயர் இல்லை, அதைச் செய்தவனின் பெயர் என்பது ஓரளவு எல்லோருக்கும் தெரியும். யாராவது மாற்றிச் சொன்னால் திருத்த ஒருவர் தயாராக இருப்பார். நானும் அப்படித் திருத்திக்கொண்டு திரிந்தவன்தான். அப்புறம் மேரி ஷெல்லி எழுதிய நாவலைப் படித்தபோது எனக்குத் தெரிந்திருந்தது அந்த ஒன்று மட்டும்தான் என்று புரிந்தது.

முதலில், விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் டாக்டரே இல்லை. இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மாணவன். கோட்டை இல்லை, கூனன் உதவியாளன் இல்லை, வானைக் கிழிக்கும் மின்னல் இல்லை. நவம்பர் மாதத்து மழை இரவு, மெழுகுவர்த்தி கிட்டத்தட்ட எரிந்து முடிந்துவிட்டது, அந்த அரைவெளிச்சத்தில் மங்கிய மஞ்சள் கண் ஒன்று திறக்கிறது. அவ்வளவுதான் காட்சி. விக்டர் என்ன செய்கிறான்? பயந்து அறையை விட்டு ஓடி, படுக்கையில் விழுந்து தூங்கிவிடுகிறான்! சினிமாவில் கண்ட அந்த ஆரவாரத்தையெல்லாம் விட இது எனக்குப் பயங்கரமாக இருந்தது. குழந்தை பிறந்ததும் அப்பா ஓடிப்போன வீடு மாதிரி.

அந்தப் படைப்பு எட்டு அடி உயரம். தோல் மஞ்சள், தலைமுடி கறுத்துப் பளபளக்கும், பற்கள் முத்துப்போல வெள்ளை. கழுத்தில் போல்ட் கிடையாது. அது உறுமாது, பேசும். அதுவும் பக்கம் பக்கமாக, வக்கீல் தோற்றுப்போகிற மாதிரி. ஒரு குடும்பத்தை ஒளிந்திருந்து கவனித்தே மொழியைக் கற்றுக்கொள்கிறது. காட்டில் கிடைத்த தோல்பெட்டியில் மூன்று புத்தகங்கள்: மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்', புளூடார்க் எழுதிய வாழ்க்கை வரலாறுகளில் ஒரு தொகுதி, கெதேயின் 'வெர்தர்'. மூன்றையும் படித்துவிட்டு, ஆதாமுக்காவது ஒரு துணை இருந்தது, எனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறது. தனக்கு ஒரு துணையைச் செய்து கொடுத்தால் தென் அமெரிக்கக் காடுகளுக்குப் போய்விடுகிறேன், ஆட்டுக்குட்டியைக் கொன்று தின்பவன் நானில்லை, எனக்குக் கொட்டைகளும் காட்டுப் பழங்களும் போதும் என்று பேரம் பேசுகிறது. சினிமா உலகின் மிகப் பிரபலமான அரக்கன், புத்தகத்தில் சைவம்.

அப்படியானால் ஊமை எங்கிருந்து வந்தது, உதவியாளன் எங்கிருந்து வந்தான்? நான் 1931இல் வந்த ஹாலிவுட் படத்தைத்தான் சந்தேகப்பட்டேன். அது பாதிதான் சரி. நாவல் 1818 ஜனவரியில் 500 பிரதிகள் மட்டும், ஆசிரியர் பெயர் இல்லாமல் வந்தது. முன்னுரையை எழுதியவர் மேரியின் கணவர், கவிஞர் ஷெல்லி. எனவே புத்தகத்தையும் அவர்தான் எழுதினார் என்று பலர் நினைத்தார்கள். வால்டர் ஸ்காட் கூட அப்படித்தான் ஊகித்தார். ஐந்து வருஷத்தில், 1823இல், லண்டனில் அது நாடகமானது. அந்த நாடகத்தில்தான் பூதம் வாயடைத்துப் போனது, ஃபிரிட்ஸ் என்ற வேலைக்காரன் நுழைந்தான். நடிகர் பட்டியலில் பூதத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. மேரி ஷெல்லி நேரில் போய்ப் பார்த்தார். தன் பாத்திரத்தை ஊமையாக்கிவிட்டார்களே என்று பொங்கவில்லை. பெயரில்லாததைப் பெயரில்லாமலே குறிப்பிட்டது நன்றாக இருக்கிறது என்று கடிதம் எழுதினார்.

1931 படம் அந்த நாடக மரபின் பேரப்பிள்ளை. உதவியாளன் அதிலும் ஃபிரிட்ஸ்தான். நாம் எல்லோரும் சொல்லும் இகோர் அதில் இல்லவே இல்லை. அந்தப் பெயர் 1939இல் வந்த மூன்றாம் பாகத்தில், தூக்கில் போட்டும் சாகாமல் கழுத்து கோணிப்போன கொல்லன் ஒருவனுக்கு வைத்தது. தட்டையான மண்டையும் கழுத்து போல்ட்டும் யுனிவர்சல் ஸ்டுடியோவின் மேக்கப் கலைஞர் ஜாக் பியர்ஸ் கைவேலை. படத்தின் தொடக்கத்தில் பூதமாக நடிப்பவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் வரும். 1823இன் கோடு 1931இல் கேள்விக்குறியாகிவிட்டது. கதாசிரியர் பெயர் எப்படிப் போட்டிருக்கிறார்கள் தெரியுமா? 'திருமதி பெர்சி பி. ஷெல்லி'. நாவல் வந்து 113 வருஷம் கழித்தும் அந்த அம்மாவுக்குச் சொந்தப் பெயர் கிடைக்கவில்லை. பூதத்துக்கு நேர்ந்த கதிதான் எழுதியவருக்கும்.

மேரி இந்தக் கதையைத் தொடங்கியபோது வயது 18. 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்துக் கக்கிய சாம்பலும் வாயுவும் அடுத்த வருஷத்து ஐரோப்பிய வெயிலையே மறைத்துவிட்டன. 1816 கோடையில் ஜெனீவா ஏரிக்கரை வீட்டில் மழைக்கு அடைந்து கிடந்தவர்களிடம் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்றார் கவிஞர் பைரன். அந்தப் போட்டியில் பிறந்தது ஃபிராங்கன்ஸ்டைன் மட்டுமில்லை. பைரனின் மருத்துவர் பொலிடோரி பின்னால் எழுதி, 1819இல் வந்த 'தி வாம்பயர்' கதைக்கும் அங்கேதான் விதை விழுந்தது. கனவான் வேஷத்தில் உலவும் ரத்தக்காட்டேரிகளுக்கெல்லாம் மூத்தவர் அந்தக் கதையில் வருபவர்தான். ஒரு எரிமலை, ஒரு மழைக்காலம், இரண்டு பேய் வம்சம்.

அந்த வம்சத்தில் வந்த டிராகுலாவையும் பார்த்துவிடலாம். வெயில் பட்டால் காட்டேரி சாம்பலாகிவிடும், இது குழந்தைக்கும் தெரியும். பிராம் ஸ்டோக்கர் 1897இல் எழுதிய நாவலில் டிராகுலா பட்டப்பகலில் லண்டன் பிக்கடிலியில் நிற்கிறார், ஒரு அழகான பெண்ணை வெறித்துப் பார்த்துக்கொண்டு. பகலில் அவருடைய சக்தி குறையும், அவ்வளவுதான். வெயில் கொல்லும் என்ற விதியை எழுதியது 1922இல் வந்த ஜெர்மன் மௌனப்படம் 'நோஸ்ஃபெராட்டு'. உரிமை வாங்காமல் எடுத்த படம். பெயர்களையெல்லாம் மாற்றினார்கள், டிராகுலா ஓர்லோக் ஆனார், முடிவும் மாறியது. ஸ்டோக்கரின் மனைவி ஃபுளோரன்ஸ் விடவில்லை. வழக்குப் போட்டு ஜெயித்து, 1925இல் எல்லாப் பிரதிகளையும் அழிக்க வேண்டும் என்று தீர்ப்பு வாங்கினார். படமெடுத்த கம்பெனியின் பெயர் பிராணா, நம்முடைய பிராணன்தான். ஒரே படத்தோடு அந்தப் பிராணன் போய்விட்டது. பிரதிகள் சில மட்டும் எப்படியோ தப்பித்தன. அவற்றோடு வெயில் விதியும் தப்பித்து, இன்றைக்கு மூல நாவலை விட உறுதியாக நிற்கிறது. திருட்டுச் சாவியே இப்போது வீட்டுச் சாவி.

நாவலில் டிராகுலா மரமுளையாலும் சாவதில்லை. கழுத்தில் ஒரு கத்தி, நெஞ்சில் ஒரு கத்தி. கழுத்தை அறுத்தது கூர்க்காக்கள் இடுப்பில் செருகும் குக்ரி. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, பக்கத்தை எடுத்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

'விசர்ட் ஆஃப் ஆஸ்' படத்தின் சிவப்பு மாணிக்கச் செருப்பு 1900இல் வந்த புத்தகத்தில் வெள்ளிச் செருப்பு. 1939 படத்துக்கு டெக்னிகலர் வந்துவிட்டது, நிறம் காட்ட வேண்டாமா? அதனால் மாற்றினார்கள். அந்தச் செருப்பில் ஒரு ஜோடி 2005இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள அருங்காட்சியகம் ஒன்றில் திருடுபோய், 2018இல் கிடைத்து, 2024 டிசம்பரில் 2 கோடியே 80 லட்சம் டாலருக்கு ஏலம் போனது, கட்டணங்கள் தனி. புத்தகத்தில் எனக்குப் பிடித்தது வேறு: மரகத நகரம் பச்சையாகத் தெரிவதற்குக் காரணம், உள்ளே நுழையும் எல்லோருக்கும் வாசலிலேயே பச்சைக் கண்ணாடி மாட்டிப் பூட்டிவிடுகிறார்கள். படத்தில் இதை விட்டுவிட்டார்களே என்று எனக்கு இன்னும் வருத்தம்.

கற்பனைக் கதைகளில் நடப்பது இருக்கட்டும், சரித்திரத்திலும் இதே கூத்துதான். ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டும் என்று பிரெஞ்சு ராணி மேரி அன்டாய்னெட் சொன்னதாகச் சொல்கிறோம். அந்த வரி சிந்தனையாளர் ரூசோவின் சுயசரிதையில் வருகிறது, யாரோ ஒரு 'பெரிய இளவரசி' சொன்னதாக. சொல்லப்பட்டது கேக் கூட இல்லை, பிரியோஷ், வெண்ணெயும் முட்டையும் சேர்த்த ரொட்டி. ரூசோ அந்தப் பகுதியை எழுதிய 1760களில் அன்டாய்னெட் வியன்னாவில் விளையாடிக்கொண்டிருந்த சிறுமி. பிரான்ஸுக்கு வந்ததே 1770இல், 14 வயதில்.

நெப்போலியன் குள்ளமும் இல்லை. 5 அடி 2 அங்குலம் என்று குறித்தது பழைய பிரெஞ்சு அடியில். அந்த அங்குலம் பெரியது, 2.7 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் சுமார் 168 சென்டிமீட்டர், அந்தக் காலத்துக்கு நடுத்தர உயரம். அவரைப் பெரிய தொப்பிக்குள் தத்தளிக்கும் கோபக்காரப் பொடியனாக வரைந்து வரைந்து குள்ளமாக்கியதில் ஆங்கிலக் கேலிச்சித்திரக்காரர் ஜேம்ஸ் கில்ரேக்குப் பெரிய பங்கு உண்டு. பழைய ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகளின் தலைக்கவசத்துக் கொம்புகளை நாட்டுக்குக் கொண்டுவந்தது 1876இல் ஜெர்மனியின் பைராய்த் நகரில் நடந்த வாக்னர் இசைநாடகத்துக்கு உடை வடிவமைத்த கார்ல் டோப்ளர். 1943இல் நார்வேயில் கிடைத்த நிஜ வைக்கிங் கவசத்தில் கொம்பும் இல்லை, கொம்பு வைத்த அடையாளமும் இல்லை.

கடைசியாக என் சொந்தக் குற்றம் ஒன்று. லூமியர் சகோதரர்கள் முதல் முதலாகப் படம் காட்டியபோது, திரையில் ரயில் வருவதைப் பார்த்து ஜனங்கள் அலறி ஓடினார்கள் என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கைகளை விரித்து, நாற்காலி சாய்கிற சத்தமெல்லாம் போட்டுச் சொல்வேன். 1895 டிசம்பர் 28, பாரிஸின் ஒரு காபி விடுதியின் கீழ்த்தளம், ஆளுக்கு ஒரு ஃபிராங்க் டிக்கெட். அன்று காட்டிய பத்துக் குறும்படங்களில் அந்த ரயில் படமே இல்லை. அது திரைக்கு வந்தது அடுத்த வருஷம். அப்போது ஜனங்கள் வியந்திருக்கிறார்கள், பதறி ஓடியதாக அக்காலத்துச் செய்தி எதையும் காட்ட முடிவதில்லை. நான் நடித்துக் காட்டியது போல ரயிலைப் பார்த்து ஓடுகிற ஒரு ஆள் 1901இல் திரையில் வந்தார். அது இங்கிலாந்தில் எடுத்த நகைச்சுவைப் படம். பட்டிக்காட்டான் ஒருவன் படம் பார்க்க வந்து பயந்து ஓடுவதாகக் காட்டி, டிக்கெட் வாங்கியவர்களைச் சிரிக்க வைத்த துண்டுப்படம். அந்தச் சிரிப்பைத்தான் நான் சரித்திரம் என்று சொல்லித் திரிந்திருக்கிறேன்.

இதையெல்லாம் தேடிச் சேர்த்த தைரியத்தில், போன மாதம் என் அக்காவுக்கு 'காசாபிளாங்கா' போட்டுக் காட்டினேன். அக்கா முன்பே பார்த்த படம்தான், பல வருஷத்துக்கு முன்னால். நான் எதுவும் சொல்லவில்லை. படம் முடிந்ததும், "அந்த வசனம் வந்ததா?" என்று மட்டும் கேட்டேன்.

"எது, ப்ளே இட் அகெய்ன், சாமா? வந்துச்சே. நீ கவனிச்சிருக்க மாட்டே."

"எந்த இடத்துல?"

"ராத்திரி தனியா குடிச்சிட்டு உட்கார்ந்திருப்பாரேடா, அங்கதான். அந்தக் குரல்ல சொல்லும்போது என்னமோ பண்ணும்."

அந்த இடத்துக்கே போய் மறுபடி ஓட்டினேன். போகார்ட் கிளாஸைப் பார்த்துக்கொண்டே "ப்ளே இட்" என்றார். அக்கா கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் பார்த்தது வேற பிரிண்டுடா" என்றாள்.